நண்டைத் தின்ற நெட்டி

நெட்டி புருசாக் இருபது வருஷத்துக்கு மேலாக மேடையில் இருக்கிறாள். அவள் மூஞ்சியைத்தான் இதுவரை ஒருத்தரும் பார்த்ததில்லை. ஒட்டகத்தின் பின்பாதியாக இருந்தாள், ஒரு சீசன் முழுக்க மழைமேகமாக இருந்தாள், பற்பசைக் குழாயாக இருந்தாள், காய்கறிகள் எல்லாம் பாடி ஆடும் நாடகம் ஒன்றில் மூன்றாவது வெங்காயமாக இருந்தாள். நியூயார்க்கில் நாடகக் கொட்டகைகள் மண்டிக்கிடக்கும் அந்தச் சில தெருக்களில், அவளைவிடக் கெட்டிக்காரியான பின்பாதி கிடையாது என்று பேர். அந்தப் பேரை வைத்துக்கொண்டு ஒரு காப்பிகூட வாங்க முடியாது என்பது வேறு விஷயம்.

அவளுடைய அப்பா காஸிமிர், பஃபலோவில் டவுன் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மகளின் ஒவ்வொரு நாடகத்துக்கும் பஸ் பிடித்து நியூயார்க் வந்துவிடுவார். மனைவி போன பிறகும் அது நிற்கவில்லை. முன்வரிசையாகப் பார்த்து உட்கார்ந்து, உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டுவார். என்ன, ஒவ்வொரு தடவையும் தப்பான ஆளுக்குத் தட்டுவார்.

"ஒட்டகம் அந்த ராஜகுமாரியப் பாத்துக் கண்ணடிச்சது பாரு, அடடா! உங்கம்மா இருந்திருந்தா பூரிச்சுப் போயிருப்பா."

"அப்பா, கண்ணு முன்பாதியில இருக்கு. அது டென்னிஸ்னு ஒருத்தன்."

"அப்ப நீ?"

"வாலு ஆடிச்சில்ல? அது நான்."

"வாலை நான் சரியா கவனிக்கலியேம்மா" என்பார் காஸிமிர். இதே பேச்சு மேகத்துக்கும் நடந்தது, வெங்காயத்துக்கும் நடந்தது. வெங்காயத்தின்போது அவர் ஒரு முள்ளங்கிக்கு எழுந்து நின்று கைதட்டியிருந்தார்.

ஆகவே 'டூலியின் வீடு' நாடகத்தில் டூலி வேஷம் கிடைத்த அன்றைக்கு நெட்டி முதலில் அப்பாவுக்குத்தான் போன் போட்டாள். "அப்பா, இந்தத் தடவை என் மூஞ்சி தெரியும்" என்றாள். மறுமுனையில் மூக்கைச் சிந்தும் ஓசை கேட்டது.

டூலி யாரென்று அந்த ஊரில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். அது ஒரு கார்ட்டூன் படம். டூலி ஒரு துறவி நண்டு; பிறவியிலேயே ஓடு கிடையாது. அந்த ஜாதி நண்டுகள் யாரோ விட்டுப்போன சங்குக்குள் குடியேறி, உடம்பு பெருத்ததும் இன்னொரு சங்கு தேடிப் போகும். டூலி தேநீர்க் கெண்டிக்குள் குடியிருந்து பார்க்கும், பூட்ஸுக்குள் குடியிருந்து பார்க்கும், கடைசியில் ஒரு பெரிய சங்கு அமையும். அமைந்த நேரம் பார்த்து, வீடில்லாத குட்டி நண்டு ஒன்று வந்து நிற்கும். டூலி தன் சங்கைத் திறந்துகொண்டு வெளியே வந்து, ஒன்றுமில்லாத வெறும் உடம்போடு மணலில் நின்று ஒரு பாட்டுப் பாடும். படத்துக்குக் கூட்டிக்கொண்டு போன அப்பாமார்களுக்கெல்லாம் கண்ணில் தூசி விழுந்த இடம் அது.

"அந்த இடத்துல முகமூடி கிடையாது, சாயம் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நீ மட்டும்தான், என் தங்கமே" என்று இயக்குநர் ஆர்ச்சி லண்ட்க்விஸ்ட் நெட்டியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னான். ஆர்ச்சி எல்லோரையும் தங்கமே என்றுதான் கூப்பிடுவான். காப்பி கொட்டினால் காப்பியைக்கூட. ஆனாலும் நெட்டி அன்றைக்கு அதை நம்பினாள்.

பிறகு அந்தப் படத்தை எடுத்த ஸ்டூடியோவிலிருந்து மிஸஸ் ஓட்ஸ் வந்தாள், கையில் அளவு நாடாவோடு. டூலி டூலியாகவே இருக்கிறாளா என்று பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். டூலியின் கண் பம்பளிமாஸ் அளவு இருக்கவேண்டும். டூலியை முதுகுப்பக்கமாக யாரும் பார்க்கக் கூடாது. டூலி உட்காரமாட்டாள். எல்லாவற்றுக்கும் மேலாக, டூலிக்குப் பல் கிடையாது.

"பல்லு தெரியாம எப்படிம்மா பாடுறது?" என்று நெட்டி கேட்டாள்.

"படத்துல பாடினாளே."

"அவளை வரைஞ்சாங்க. என்னைப் பெத்தாங்க."

மிஸஸ் ஓட்ஸ் இதை யோசித்துப் பார்த்தாள். பெற்றதைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றுமில்லை. ஒருநாள் நெட்டியின் பல்லுக்குக் கறுப்புச் சாயம் அடித்துப் பார்த்தார்கள். ஒத்திகை பார்க்க வந்த ஆர்ச்சியின் அக்கா மகள் பயந்துபோய் நாற்காலிக்கு அடியில் புகுந்துகொண்டது. இன்னொருநாள் உதட்டைப் பல்லுக்கு மேல் மடித்துக்கொண்டு பாடச் சொன்னார்கள். உருக்கமான பாட்டு, பல்செட்டைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவள் முறையிடுவது மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் சங்குக்குள் இருக்கும்வரை முகமூடி, வெளியே வந்த பிறகு பல் தெரியலாம் என்று முடிவானது. வெளியே வந்த பிறகு அவள் நண்டா இல்லையா என்று யாரும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

நண்டுக்குப் பத்துக் கால். நெட்டிக்கு இரண்டு. மீதி எட்டையும் கம்பியில் கட்டி, கறுப்பு உடை போட்ட நாலு பேர் பின்னால் நின்று ஆட்டினார்கள்.

"படத்துல இந்த நாலு பேரு இல்லையே?" என்றாள் மிஸஸ் ஓட்ஸ்.

"கடற்கரைப் பாறைன்னு நினைச்சுக்குங்க" என்றான் ஆர்ச்சி.

"பாறைக்கு மூச்சு வாங்குது."

படத்தில் டூலி ஒரே பாட்டில் கெண்டியிலிருந்து பூட்ஸுக்கும் பூட்ஸிலிருந்து சங்குக்கும் கண்மூடித் திறப்பதற்குள் மாறிவிடுவாள். மேடையில் அதற்கு மூச்சுமுட்ட ஆறேழு நிமிஷம் ஆயிற்று. அந்த நேரத்தை நிரப்ப ஒரு கடற்காகத்தை உண்டுபண்ணி, அதற்கொரு பாட்டும் கொடுத்தார்கள். கதைக்கும் காகத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது வந்து மீனைப் பற்றிப் பாடும், போய்விடும். காகமாக நடித்தவன் தான்தான் கதாநாயகன் என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தான்.

இதையெல்லாம் நெட்டி பொறுத்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது கடைசி ஐந்து நிமிஷம். விளக்கு, மணல், தன் மூஞ்சி, எதிரே அப்பா. மற்றதெல்லாம் எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று இருந்தாள்.

ஆனால் சங்கு சும்மா இருக்கவில்லை.

அந்த ஊர்க் கொட்டகைகளில் ஒரு கட்டு உண்டு. நடிகர் உடம்பில் போட்டுக்கொள்வது காஸ்ட்யூம். கையில் எடுப்பது ப்ராப்பர்ட்டி. ஏறி நிற்பதும் உள்ளே நுழைவதும் செட். ஒவ்வொன்றுக்கும் தனி ஆட்கள், தனிச் சங்கம், தனி ரோஷம். ஒருத்தர் சாமானை இன்னொருத்தர் தொட்டால், கோயில் கருவறைக்குள் செருப்போடு நுழைந்த மாதிரி. ஒருமுறை ஒரு பெரிய நடிகர் வழியில் கிடந்த நாற்காலியைத் தானே நகர்த்திவிட்டார்; அதற்காக அரைநாள் ஒத்திகை நின்று, அவர் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் மறுபடி நடந்தது. இதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. இப்படி ஒரு கட்டு இல்லாத காலத்தில் மூட்டை தூக்குகிறவனையே நடிகைக்குத் தலைமுடியும் பின்னச் சொல்லியிருக்கிறார்கள்.

சங்கு ஆள் உயரம். உள்ளே கையை நுழைத்துத் தோளில் மாட்டிக்கொள்ள இரண்டு வார்; பின்பக்கம் ஒரு கதவு, அதற்கு வெளியே ஒரு தாழ்ப்பாள். முதல் முழு ஒத்திகையில் அந்தத் தாழ்ப்பாளைத் திறக்க மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அவ போட்டுட்டு நடக்கிறா. அப்ப அது காஸ்ட்யூம். என்னுது" என்றாள் உடைகளைப் பார்த்துக்கொள்ளும் ரோஸால்பா.

"கழட்டி வெச்சா ப்ராப்பர்ட்டி. கழட்டப் போறாதானே? என்னுது" என்றார் ப்ராப்பர்ட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் டஃபி.

செட் ஆட்களின் தலைவர் கஸ் சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டார். "உள்ள ஆளு குடியிருக்கு. குடியிருந்தா அது வீடு. நாடகத்து பேரே வீடு. வீடு கட்டுறது யாரு? நாங்க."

"சரி, கழட்டுற அந்த நிமிஷத்துல அது யாருது?" என்று ஆர்ச்சி கேட்டான். கேட்டிருக்கக் கூடாது.

கூட்டம் போட்டார்கள். வக்கீல்கள் வந்தார்கள். தட்டுத் தட்டாக பேகல் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தீர்ந்துகொண்டே இருந்தன. நடுவில் நெட்டி கையைத் தூக்கி, "தாழ்ப்பாள உள்பக்கம் வெச்சிடுங்களேன், நானே திறந்துக்கறேன்" என்றாள். எல்லோரும் அவளை, பஸ்ஸில் ஏறிய பயணி நானே ஓட்டுகிறேன் என்று சொன்ன மாதிரி பார்த்தார்கள். அவள் பக்கத்தில் இருந்தவன் வெண்டல், இடது பக்கக் கால்களை ஆட்டுகிறவன். நடிகர் சங்கத்துக்கு அந்த நாடகத்தில் அவன்தான் பிரதிநிதி. அவன் குனிந்து காதில் சொன்னான்: "சும்மா இரு நெட்டி. நீ தாழ்ப்பாளத் திறந்தா, நாளைக்கு அவங்க பாட வந்துடுவாங்க."

கடைசியில் உடன்படிக்கை ஆயிற்று. தாழ்ப்பாளை முதல் அரைத் திருப்பு திருப்புவது ரோஸால்பா. அடுத்த அரைத் திருப்பு டஃபி. நெட்டியின் இரண்டு காலும் தரைக்கு வந்த பிறகு காலிச் சங்கைத் தள்ளிக்கொண்டு போவது கஸ். எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஆர்ச்சி இரண்டு பேகலைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். மறுநாளிலிருந்து ஒத்திகையில் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு பாடினார்கள். தாழ்ப்பாள் விஷயம்தான் தீர்ந்துவிட்டதே என்று யாரும் அதை ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

முதல் முன்னோட்டக் காட்சி சனிக்கிழமை மத்தியானம். காஸிமிர் காலையிலேயே வந்துவிட்டார். கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு, கையில் ஒரு டப்பா நிறைய உருளைக்கிழங்கு அடைத்த பியரோகிக் கொழுக்கட்டை. மகளின் அறை வாசலில் நின்று, "நல்லபடியா நடக்கட்டும்மா" என்றார்.

நடைக்கூடமே வெலவெலத்துப்போனது. அந்த உலகத்தில் அப்படி வாழ்த்தினால் விளங்காது. கால் ஒடியட்டும் என்றுதான் வாழ்த்தவேண்டும். அன்று காலையிலிருந்து நெட்டியைப் பார்த்தவர்கள் எல்லோரும், பத்துக் காலும் ஒடியட்டும் என்று மனதார வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். காஸிமிரைத் தெருவுக்கு அனுப்பி, மூன்று சுற்றுச் சுற்றி, துப்பிவிட்டு, கதவைத் தட்டி மறுபடி உள்ளே வரச் சொன்னார்கள். மனிதர் முகம் சுளிக்காமல் செய்தார்.

"மகளோட கால ஒடிக்கச் சொல்ற ஊருல நீ எப்படிம்மா இத்தன வருஷம் இருந்தே?" என்றார் திரும்பி வந்து.

"மூணாவது வரிசையில உக்காருங்கப்பா. கடைசியில சங்கு திறக்கும். அதைவிட்டு வேற எங்கயும் பாக்காதீங்க."

"கண்ணைக்கூட இமைக்க மாட்டேன்."

கொட்டகை முழுக்கக் குழந்தைகள். பாதிப் பேர் தலையில் டூலியின் கண்ணை மாட்டிக்கொண்டிருந்தார்கள். டூலி கெண்டியோடு வந்தபோது கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி கத்தினார்கள். பூட்ஸுக்குச் சிரித்தார்கள். கடற்காகம் மீனைப் பற்றிப் பாடியபோது கழிவறைக்குப் போய்வந்தார்கள். எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. மிஸஸ் ஓட்ஸ் பின்வரிசையில் அளவு நாடாவைச் சுருட்டி மடியில் வைத்துவிட்டாள்.

அந்த இடம் வந்தது. குட்டி நண்டு மணலில் நடுங்கிக்கொண்டு நின்றது. விளக்கு நீலமானது. சங்குக்குள் கோந்து நாற்றத்திலும் வியர்வையிலும் நெட்டி முகமூடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். முதுகுப்பக்கம் ரோஸால்பா தாழ்ப்பாளை அரைத் திருப்பு திருப்புவது கேட்டது. டொக்.

அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"திருப்பு டஃபி" என்று ரோஸால்பா கிசுகிசுத்தாள்.

"எப்படித் திருப்புறது? அவ கை ரெண்டும் இன்னும் வாருக்குள்ள மாட்டியிருக்குமே."

"இருந்தா?"

"மாட்டியிருந்தா போட்டிருக்கான்னு அர்த்தம். போட்டிருந்தா காஸ்ட்யூம். நான் காஸ்ட்யூமைத் தொடமாட்டேன், நாளைக்கு நீயே பிராது குடுப்பே."

"கதவு திறந்தாத்தானய்யா அவ கையை எடுக்க முடியும்!"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

கஸ் இருட்டில் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். "எனக்கொண்ணும் அவசரமில்ல. ரெண்டு காலும் வெளிய வரட்டும்" என்றார்.

பாட்டு நாடகங்களில், மேடை தயாராகும்வரை வாத்தியக்காரர்கள் ஒரே ஒரு துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பார்கள். டம்-ட-டம். டம்-ட-டம். பாடகி வாயைத் திறக்கிற வரை அதுதான். அன்றைக்கு அது முடிகிற வழியாக இல்லை. பிடில்காரர் வாத்தியங்களை நடத்துகிறவரைப் பார்த்தார், அவர் சங்கைப் பார்த்தார், சங்கு சும்மா நின்றது. குழந்தைகளே டம்-ட-டம் என்று சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். குட்டி நண்டாக நடித்த பெண் நடுங்கி நடுங்கி அலுத்துப்போய், மணலில் உட்கார்ந்துவிட்டது.

வேறு வழி தெரியாமல் நெட்டி உள்ளேயிருந்தே பாட ஆரம்பித்தாள்.

சங்கின் வளைவுகளுக்குள் சுற்றிவந்த அந்தக் குரல் அவள் குரல் மாதிரியே இல்லை. சின்னதாக, தூரத்திலிருந்து, ஒரு வெறும் உடம்பு உள்ளே ஒண்டிக்கொண்டு பாடுகிற மாதிரி கேட்டது. கொட்டகை கப்சிப். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார் ஒருவர். பின்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த ஆர்ச்சி, கையை மெதுவாக எடுத்தான்.

உள்ளே இருந்தவளுக்கு இது எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், மூன்றாவது வரிசையில் அப்பா கண்ணை இமைக்காமல் ஒரு சங்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான். ஒட்டகம் போயிற்று, மேகம் போயிற்று, வெங்காயம் போயிற்று, இதுவும் போகிறது. பஃபலோவுக்குப் போய், என் மகள் சங்கின் உள்பக்கம் என்று சொல்லப்போகிறார். ஒரு தாழ்ப்பாளின் பாதித் திருப்புக்காக! அவளுக்குக் கண்மண் தெரியாத ஆத்திரம் வந்தது. முதல் அடி முடிந்ததும் காலைத் தூக்கி ஒரு உதை விட்டாள்.

சங்கு அதிர்ந்தது. இரண்டாவது உதைக்கு விரிசல் விட்டது. வெண்டலும் மற்ற மூன்று பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் எட்டுக் காலையும் பதறப் பதற ஆட்டினார்கள். மூன்றாவது உதைக்குப் பின்சுவர் பிய்ந்து ஒரு ஓட்டை விழுந்தது. அதன் வழியாக முதலில் ஒரு கால் வந்தது, பிறகு இன்னொரு கால், பிறகு தலைமுடியில் கோந்து ஒட்டிய, வியர்த்து வழிகிற, நாற்பத்தைந்து வயசுப் பெண்மணி ஒருத்தி. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு விளக்குக்கு வந்து நின்றாள். டூலியின் ஒரு கண் எப்படியோ பிய்ந்து அவள் தோளில் தொங்கியது. அத்தனை பல்லும் தெரிய, உச்ச ஸ்தாயியில் இரண்டாவது அடியை எடுத்தாள்.

இரண்டாவது வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்து நின்றாள்.

"அம்மா! அந்தப் பொம்பள டூலியத் தின்னுட்டா!"

குழந்தையைக் குற்றம் சொல்லமுடியாது. டூலி உள்ளே பாடிக்கொண்டிருந்தாள். சங்கு குலுங்கியது, உடைந்தது, பாட்டு நின்றது. வாயைத் துடைத்துக்கொண்டு ஒருத்தி வெளியே வந்தாள், தோளில் டூலியின் கண். வேறு என்னதான் நினைப்பது? செய்தி வரிசை வரிசையாகப் பரவியது. அடுத்த நிமிஷம் கொட்டகை முழுக்கக் குய்யோ முறையோ என்று ஒரே ஓலம். யாரோ மிட்டாய் டப்பாவை மேடையில் வீசினார்கள். அம்மாக்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். நெட்டி நிறுத்தவில்லை. தொண்டை நரம்பு புடைக்க அந்த ஓலத்துக்கு மேலே பாடினாள், கடைசி அடி வரைக்கும் பாடினாள். அத்தனை பேருக்கும் நடுவே ஒரே ஒரு கிழவர் எழுந்து நின்று, நேராக அவள் கண்ணைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

படுதா விழுவதற்குள் கஸ் நிதானமாக வந்தார். குனிந்து, தரையில் ஊன்றியிருந்த அவள் கால்களை எண்ணிப் பார்ப்பது போலப் பார்த்தார். "இப்ப என்னுது" என்று சொல்லிவிட்டு உடைந்த சங்கைத் தள்ளிக்கொண்டு போனார்.

நெட்டி அறைக்குள் வந்து உட்காரவும் ஆர்ச்சி ஓடிவந்தான். திட்டப்போகிறான் என்று பார்த்தால் அவன் கண்ணில் தண்ணீர்.

"உள்ளேருந்து பாடினே பாரு, தங்கமே! அதான் நாடகம்! இத்தன நாளா அது நமக்குத் தெரியலியே! நீ இனிமே வெளியவே வராத."

"வெளியவே வராதன்னா?"

"கதவே வேணாம். தாழ்ப்பாளும் வேணாம், சண்டையும் வேணாம். நாளைக்கு மூடித் தெச்சுடறோம். உன் பேரை விளம்பரத்துல மேல போடறோம், பெரிசா."

பின்னால் நின்ற மிஸஸ் ஓட்ஸ் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "பல்லும் தெரியல" என்றாள்.

நெட்டி கோட்டை மாட்டிக்கொண்டு நடிகர்கள் வாசல் வழியாகத் தெருவுக்கு வந்தாள். கையெழுத்து வாங்க அங்கே வழக்கமாகக் கூட்டம் நிற்கும். இன்று பியரோகி டப்பாவோடு காஸிமிர் மட்டும் நின்றார்.

"இந்தத் தடவ சந்தேகமே இல்லம்மா. எல்லாரும் உன்னைப் பாத்துத்தான் அழுதாங்க" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. அப்பாவின் கோட்டில் மூஞ்சியை வைத்துக்கொண்டு, "நான் வேலைய விடப்போறேன்ப்பா. மறுபடியும் உள்ள போட்டுத் தெக்கப் பாக்கறாங்க" என்றாள்.

"விட்டுடு. போதும்" என்றார் அவர் உடனே. "நான் பாத்துட்டேன்."

அப்போதுதான் அந்தச் சின்னப் பெண் வந்தாள், அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. அழுதழுது முகம் வீங்கியிருந்தது. அம்மாவுக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. இவ சமாதானமே ஆகமாட்டேங்கறா. உங்களைப் பாத்தே ஆகணுமாம்."

அந்தப் பெண் நெட்டியின் மூஞ்சியைப் பார்க்கவில்லை. கோட்டின் பொத்தான்களுக்கு நடுவே, வயிற்றைப் பார்த்தாள். "உள்ள இருக்காளா?" என்று கேட்டாள்.

நான்தான் டூலி. இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நெட்டி இருபது வருஷம் காத்திருந்திருக்கிறாள். சொல்ல வாயைத் திறந்தவள், அந்தப் பெண்ணின் உதடு துடிப்பதைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். குனிந்து, உதட்டைப் பிரிக்காமல், பல் தெரியாமல், டூலியின் குரலில் அந்தப் பாட்டை முனகினாள். சின்னப் பெண் ஓரடி முன்னே வந்து கோட்டின்மேல் காதை வைத்தாள். மஞ்சள் டாக்ஸிகள் ஊதிக்கொண்டு போயின. அவள் அசையாமல் கேட்டாள்.

"இருக்கா" என்று அம்மாவிடம் சொன்னாள். பிறகு நிமிர்ந்து, முதல்முறையாக நெட்டியின் மூஞ்சியை நேருக்கு நேர் பார்த்தாள். திருடனைப் பிடித்த போலீஸ்காரர் பார்வை. "நாளைக்கு வெளிய விட்டுடணும்."

"சரி, விட்டுடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நெட்டி பார்த்துக்கொண்டு நின்றாள். டூலி வெளியே வரவேண்டுமானால் நெட்டி உள்ளே போகவேண்டும். அது சங்கில் இருந்த காலத்தைவிட இப்போது நன்றாகப் புரிந்தது, வலிக்கவும் செய்தது.

"அந்தப் பொண்ணு உன் மூஞ்சிய ஆயுசுக்கும் மறக்கமாட்டா" என்றார் காஸிமிர்.

"இங்கேயே இருங்கப்பா. ஒரு நிமிஷத்துல வந்துடறேன்."

மேடையில் உடைந்த சங்கைச் சுற்றி எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். யார் ஒட்டுவது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. நெட்டி கோட்டைக்கூடக் கழற்றாமல் நடுவில் போய் நின்றாள்.

"நான் உள்ளேயே இருந்து பாடறேன். ஆனா தெக்கக் கூடாது. கதவு இருக்கணும், தாழ்ப்பாள் இருக்கணும், தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கணும்."

"நீதான் வெளியவே வரப்போறதில்லையே, தங்கமே, அப்புறம் எதுக்குத் தாழ்ப்பாள்?" என்றான் ஆர்ச்சி.

"நானா வராம இருக்கறதுக்கு."

ரோஸால்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "உள்பக்கம்னா அது லைனிங் மாதிரி. லைனிங் காஸ்ட்யூம்லதான் சேரும்."

"கையால பிடிச்சுத் திருப்புறதா இருந்தா ப்ராப்பர்ட்டி" என்றார் டஃபி.

"கதவுல அடிக்கிறது எதுவா இருந்தாலும் செட்" என்றார் கஸ்.

"அது என்னுது" என்றாள் நெட்டி.

மூன்று பேரும் வாயைத் திறந்தார்கள். பிறகு மூன்று பேரும் சங்கின் பின்பக்கத்தில், அவள் கால் போய்வந்த அந்த ஓட்டையைப் பார்த்தார்கள். கஸ் பையிலிருந்து ஒரு சின்னப் பித்தளைத் தாழ்ப்பாளை எடுத்தார், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் கையில் வைத்தார்.

"எங்க அடிக்கணும்னு சொல்லும்மா" என்றார்.